மூடி உள்ள டப்பா

காவேரிப்பட்டணம் இல்லத்தின் இருப்புப் பதிவேடு
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
கேழ்வரகு மாவு இரண்டு மூட்டை.
பினாயில் அரை கேன்.
பிள்ளைகள் முப்பத்தொன்று.

ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வரும், ஆறுக்கு நின்றுவிடும்.
அதற்குள் முப்பத்தொரு பேரும் பல் துலக்க வேண்டும்.
மாதேஷின் பல்லில் இருக்கிற பழுப்புக் கோடு
எத்தனை தேய்த்தாலும் போவதில்லை.
பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணறு
அவனோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

ஞாயிறு என்றால் வேன் வரும்.
யாருக்கோ கல்யாண நாள், யாருக்கோ அறுபது.
முகம் தெரியாதவர்களுக்கும்
எங்கள் பிள்ளைகள் வாழ்த்து நன்றாகவே பாடுவார்கள்.
ஒரே ஞாயிற்றில் மூன்று பிரியாணி வந்து
செவ்வாயன்று வெறும் ரசம் வைத்த வாரமும் உண்டு.
குறையாகச் சொல்லவில்லை,
பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

தியாமிகே வெறுங்கையோடு வந்தாள்.
கிருஷ்ணகிரியில் நர்சிங், இரண்டாம் வருடம்.
ஊர் மலாவி.
நாகவேணி வரைபடத்தில் விரல் வைத்து
"ஏரிக்குப் பக்கம்" என்றாள்,
ஏதோ பாரூர் ஏரியைச் சொல்வதுபோல.

என்ன வேலை செய்யட்டும் என்று கேட்டாள்.
அதுவரை யாரும் கேட்டதில்லை.
பேன் பார் என்றேன், விளையாட்டுக்கு.
மூன்று ஞாயிறு உட்கார்ந்து பார்த்து முடித்தாள்.
கூலி உண்டு:
தலையைக் காட்டிய பிள்ளை
அவள் பின்னலை ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம்.

களி கிண்டிய மதியம் தானே வந்து பந்தியில் அமர்ந்தாள்.
உருட்டி, கட்டைவிரலால் குழித்து,
கீரைக் கடைசலை அள்ளி விழுங்கினாள்.
துடுப்பும் கையுமாய் நின்ற கோவிந்தி
அப்படியே நின்றுவிட்டாள்.
"எங்க ஊர்ல இது வெள்ளை" என்றாள் தியாமிகே.

தலையணைக்கடியில் எறும்பு.
இது என் பழைய சண்டை.
வேன் வருகிறவர்கள் படுக்கையையும் பார்ப்பார்கள் என்று
ஞாயிறு காலையில் எல்லாவற்றையும் உதறுவேன்.
பாதி பூரி. காய்ந்த கேக்.
ஒருமுறை அவித்த முட்டை, ஓட்டோடு, எட்டு நாள் பழசு.
திட்டுவேன். அடுத்த ஞாயிறும் அதே.

அன்று உதறப்போன கையை அவள் பிடித்தாள்.
"அம்மா, இது திருட்டு இல்ல.
இது நாளைக்கு."
பிறகு ஆங்கிலத்தில், எனக்குப் புரிகிற வேகத்தில்.
ஆறு வயதிலிருந்து பதினேழு வரை
அவளும் ஓர் இல்லத்தில்தான்.
அங்கே சனிக்கிழமை உதறுவார்களாம்.

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
'வீணான உணவு' என்று ஒரு பத்தி,
ஒன்பது வருடமாக, சிவப்பு மையில், நானே எழுதியது.
மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு கோணிப்பை தூக்கி வந்தாள்,
பிரசவ வார்டில் சேர்ந்த காலி பால்மாவு டப்பாக்கள்.
வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி
ஆளுக்கொரு பெயர்.
யார் டப்பாவையும் யாரும் திறக்கக் கூடாது,
வார்டனும்தான் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.
எண்ணினேன். முப்பத்திரண்டு.
ஒன்று அதிகம் என்றேன்.
"வரும்" என்றாள்.

எறும்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.
இரண்டு டப்பாவுக்கு மூடி சரியாகப் பொருந்தாது.
ஆனால் பெருக்கும்போது கட்டிலை நகர்த்தினால்
மாதேஷின் டப்பாவில் இப்போது கோலிக்குண்டு உருள்கிறது.
நாகவேணியுடையதில் சத்தமே இல்லை,
காகிதமாக இருக்கும்.

மாம்பழக் கூழ் வாசனை ஊரையே மூடியிருந்த ஒரு ஜூன் இரவு
ஜீப்பில் ருத்ரேஷைக் கொண்டுவந்து விட்டார்கள்.
ஏழு வயது. பேசவில்லை.
போர்வைக்கு முன்னால் டப்பாவைக் கொடுத்தேன்.
கையில் நசுங்கியிருந்த பிஸ்கட்டை உள்ளே போட்டான்,
மூடினான், திறந்தான்,
மறுபடி மூடினான்.

தியாமிகே படிப்பு முடித்துப் போய்விட்டாள்.
வேனில் வருகிறவர்கள்
இல்லத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால்
மூடி உள்ள டப்பா என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
கேக் கொண்டுவருகிறார்கள்.
பாடி முடித்ததும் அதில் பாதி
கட்டிலுக்கடியில் போகிறது,
நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.